பெல்ட் மாற்றியும் சுருதி அலைகிறது, நாடாவும் சிக்குகிறது: பழைய கேசட் ரெக்கார்டர்

கேசட்பெட்டி:
வணக்கம். என்னிடம் இருப்பது மேசையில் படுக்க வைக்கும் வகைப் பழைய மோனோ கேசட் ரெக்கார்டர். முன்பக்கம் வரிசையாகப் பியானோ கீ பொத்தான்கள், உள்ளே ஒரே ஒரு மோட்டார். திறந்து பார்த்தபோது பெல்ட் இருந்த இடத்தில் கறுப்புப் பிசின்தான் இருந்தது. ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம், மோட்டார் புல்லி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டிருந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதுப் பெல்ட் போட்டேன். இப்போது பாடுகிறது, ஆனால் மூன்று தொல்லைகள்.

நீண்டு ஒலிக்கும் இசையில் சுருதி லேசாக அலைகிறது. பேச்சில் தெரிவதில்லை, பியானோவில் அப்பட்டமாகத் தெரிகிறது. அடுத்து, ஒரு பக்கத்தின் தொடக்கம் நன்றாக ஓடுகிறது, முடிவை நெருங்கும்போது நாடா தொய்ந்து வெளியே வளையமாக வந்து ரோலரில் சிக்குகிறது. மூன்றாவது, எல்லாப் பாட்டும் கொஞ்சம் வேகமாக ஓடுவது போல ஒரு சந்தேகம். காதை மட்டும் நம்பிச் சொல்கிறேன், அளக்கவில்லை.

எங்கே தொடங்குவது?

கைக்கரி:
நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளை, அந்தப் பிஞ்ச் ரோலர்தான், வேறென்ன? ரப்பர் பளபளவென்று இருந்தால் பிடிமானம் போயிருக்கும். துடையுங்கள். அதோடு அந்த வேகத் திருகு மோட்டாரின் பின்பக்க ஓட்டைக்குள் இருக்கும், சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால் வேகம் சரியாகிவிடும். அரை மணி நேர வேலை.

பழைய_ஸ்பூல்:
தம்பி கேசட்பெட்டி, இப்போதைக்கு அந்தத் திருகைத் தொடாதீர்கள். எங்கேயோ இழுவை இருக்கிறது, எங்கேயோ வழுக்குகிறது. அதெல்லாம் இருக்கும்போது வேகத்தைத் திருகிச் சரிசெய்தால், கோளாறைச் சரிசெய்ததும் வேகம் மறுபடி மாறும். வேகத் திருகு கடைசி வேலை. மெக்கானிசம் சுத்தமாகி, கால் மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் அதற்குப் போக வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. கேசட் இல்லாமல், மூடியைத் திறந்து வைத்து பிளே அழுத்துங்கள். வலது பக்கம் சுழலும் ஸ்பூலை விரலால் மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள். நிறுத்திய நிலையில் கீழே எட்டிப் பாருங்கள். ஸ்பூலின் அடித்தட்டு சுழன்றுகொண்டே இருந்து மேல் பகுதி மட்டும் நின்றால் வழுக்குவது கிளட்ச். அது வழுக்கத்தான் வேண்டும், அதற்காகத்தான் நடுவில் ஃபெல்ட் வைத்திருக்கிறார்கள். அடித்தட்டும் சேர்ந்து நின்றுபோய், பக்கத்தில் இருந்து அதற்கு விசை கடத்தும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் அதன் மேல் உரசிக்கொண்டு சுற்றினால் ரப்பர் வழுக்குகிறது. அது கூடாது. பார்த்துவிட்டு எழுதுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

அலைநீளம்:
பக்கத்தின் முடிவில் மட்டும் தொய்கிறது என்று சொன்னது நல்ல தடயம். ஸ்பூலைச் சுழற்றும் முறுக்கு விசை தொடக்கத்திலும் முடிவிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் நாடாவை இழுக்கும் விசை என்பது அந்த முறுக்கு விசையைச் சுருளின் ஆரத்தால் வகுத்தது. நாடா சுற்றும் நடு வளையமான ஹப்பின் ஆரம் சுமார் 1.1 செ.மீ. ஒரு பக்கம் முழுக்கச் சுற்றிய பின் சுமார் 2.5 செ.மீ. ஆக, முடிவில் இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இடது பக்கத்தில் நடப்பது நேரெதிர். அங்கே சுருள் சிறுத்துக்கொண்டே வருவதால் பின்னிழுப்பு கூடும். முடிவில் வலது கை வலுவிழக்கிறது, இடது கை இறுக்குகிறது. ஏற்கெனவே பலவீனமான டேக்-அப், அதாவது நாடாவைச் சுற்றி எடுக்கும் வலது ஸ்பூல், அந்தக் கட்டத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலான சர்வீஸ் மேனுவல்களில் பிளே நிலையில் டேக்-அப் முறுக்கு விசை 30 முதல் 70 கிராம்-செ.மீ. வரை இருக்கும். முறுக்கு விசையை அளக்கும் டார்க் (torque) கேசட் இல்லாவிட்டாலும் அளக்கலாம். கெட்டுப்போன கேசட் ஒன்றின் ஹப்பை மட்டும் எடுத்து வலது ஸ்பூலில் மாட்டுங்கள். ஹப்பில் தையல் நூலைச் சுற்றி, கருவியை விளிம்பில் நிமிர்த்தி வைத்து, நூலின் மறுமுனை கீழே தொங்கும்படி விடுங்கள். அதில் சின்னப் பையைக் கட்டி, நட்டு, வாஷர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். தூக்க முடியாமல் நிற்கும் எடையைக் கிராமில் பார்த்து 1.1ஆல் பெருக்கினால் விடை.

கைக்கரி:
நட்டு வாஷரை எல்லாம் தொங்கவிட்டு... சரி, நடக்கட்டும். நான் இன்னும் பிஞ்ச் ரோலர் பக்கம்தான்.

அலைநீளம்:
கைக்கரி சொல்வதும் தப்பில்லை. தொய்வுக்கு டேக்-அப் காரணம் என்றாலும் சுருதி அலைவது வேறு கதையாக இருக்கலாம். அதை ஊகிக்க வேண்டியதில்லை, அலையே தன் முகவரியைச் சொல்லிவிடும்: எந்தப் பாகம் கோளாறோ அதன் சுற்று நேரத்தில்தான் அலை வரும். கேசட் நாடாவின் வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. நாடாவை இழுக்கும், ஃப்ளைவீலோடு சேர்ந்த கேப்ஸ்டன் தண்டின் விட்டம் 2 மி.மீ. என்றால் அது வினாடிக்கு ஏறக்குறைய 7.6 முறை சுற்றும். 13 மி.மீ. பிஞ்ச் ரோலர் 0.86 வினாடிக்கு ஒரு முறை சுற்றும். டேக்-அப் ஸ்பூல் தொடக்கத்தில் ஒன்றரை வினாடிக்கு ஒரு சுற்று, முடிவில் மூன்று வினாடிக்கும் கூடுதல். மோட்டார் நிமிடத்துக்கு 2400 சுற்று வகை என்றால் வினாடிக்கு 40. பெல்ட் ஒரு முழுச் சுற்று வருவது அதன் நீளத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் வினாடிக்கு ஐந்தை ஒட்டி இருக்கும்.

அதே கருவியில் 3000 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றைப் பதிந்து, திரும்ப ஓடவிட்டுக் கணினியில் பிடியுங்கள். எத்தனை வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். பதியும்போது வந்த அலையும் ஒலிக்கும்போது வரும் அலையும் சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும், அதனால் அளவை நம்பாதீர்கள். கால இடைவெளி மட்டும் போதும்.

கேசட்பெட்டி:
எல்லாருக்கும் நன்றி. செய்து பார்த்தேன்.

விரல் சோதனை: ஸ்பூலைப் பிடித்ததும் அடித்தட்டும் நின்றுவிட்டது. ஐட்லர் ரப்பர் அதன் விளிம்பில் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. எடை சோதனையில் 14 கிராமுக்கு மேல் தூக்கவில்லை. அதாவது 15 கிராம்-செ.மீ. சொச்சம்.

தொனி சோதனை: ஏற்ற இறக்கம் 0.9 வினாடிக்கு ஒரு முறை, கடிகாரம் மாதிரி தவறாமல் வருகிறது. பிஞ்ச் ரோலரை அளந்தால் 13 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். ரப்பரில் குறுக்காக ஒரு மெல்லிய பள்ளம் கோடு போல இருக்கிறது.

கைக்கரி:
:) நான் எதுவும் சொல்லவில்லை.

பழைய_ஸ்பூல்:
அந்தப் பள்ளம் கேப்ஸ்டன் அழுத்திய தடம். யாரோ பிளே பொத்தானை எழுப்பாமல் அப்படியே விட்டு மூலையில் போட்டிருக்கிறார்கள். ரோலர் கேப்ஸ்டனில் அழுந்தியபடியே வருடக்கணக்கில் கிடந்து ரப்பர் அந்த வடிவத்துக்கே இறுகிவிட்டது. இதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

கை துளைப்பானில் மாட்டி மணல்தாளில் உரசிப் பள்ளத்தைப் போக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோலர் நடுமையம் பிசகினால் இப்போது இருப்பதை விட மோசமாக அலையும். லேத்தில் செய்ய வசதி உள்ளவர்கள் செய்யட்டும். மற்றவர்கள் மாற்றிவிடுவது நல்லது. வாங்கும்போது வெளி விட்டம், ரப்பரின் அகலம், நடுத்துளையின் விட்டம் மூன்றையும் அளந்து வாங்குங்கள்.

ஐட்லருக்கும் அதே கதைதான். ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாது.

மௌனம்60:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரோலரின் விட்டம் அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் வேகம் மாறாதா?

அலைநீளம்:
மாறாது. நாடாவின் வேகத்தைத் தீர்மானிப்பது கேப்ஸ்டன்தான். பிஞ்ச் ரோலர் நாடாவை அதன் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூடவே உருளும், அவ்வளவே. விட்டம் ரொம்ப மாறினால் அழுத்தும் கோணமும் விசையும் மாறும், அது வேறு பிரச்சினை. கேப்ஸ்டனில் பிசின் படிந்து விட்டம் கூடினால் மட்டும் வேகம் நேரடியாக மாறும். 2 மி.மீ. தண்டில் ஒரு நூறில் ஒரு மில்லிமீட்டர் படிவுகூட ஒரு சதவீதம் ஆகிவிடும், சுற்றிலும் படிந்தால். அதனால்தான் கேப்ஸ்டனைத் துடைக்கச் சொல்லி எல்லா மேனுவலும் மன்றாடுகிறது.

கைக்கரி:
ஐட்லர் ரப்பருக்குப் புதுசு தேட வேண்டாம். இரண்டு வழி. ஒன்று, வளையத்தைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். உள்பக்கம் தேயாமல், காற்றுப் படாமல் இருக்கும், பிடிக்கும். இரண்டு, மணல்தாளில் லேசாக உரசி மேலே இருக்கும் பளபளப்பை எடுங்கள். இரண்டுமே நான் செய்திருக்கிறேன், ஓடுகிறது.

பழைய_ஸ்பூல்:
ஓடும், எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி. உரசினால் மேல் தோல் போகும், உள்ளே இருப்பதும் அதே கெட்டியான ரப்பர்தான். சீக்கிரமே மறுபடி பளபளக்கும். கோளாறு அங்கேதான் இருக்கிறதா என்று உறுதி செய்ய அது நல்ல சோதனை. நிரந்தர வேலைக்குப் புது வளையம்.

பலர் ஓ-ரிங் போடுகிறார்கள். போடலாம். ஆனால் பழைய வளையம் தட்டையான விளிம்பு உள்ளதா, உருண்டையா என்று பாருங்கள். தட்டையானது அகலமாகத் தொடும், ஓ-ரிங் ஒரு கோட்டில் மட்டும் தொடும். இருக்கிற ஸ்ப்ரிங் அழுத்தம் அதற்குப் போதாமல் போகலாம். வெளி விட்டம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பெரிதானால் ஸ்டாப் நிலையிலும் ஸ்பூலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். உள்விட்டம் மட்டும் ஐந்து, பத்து சதவீதம் சிறிதாக இருந்தால் சக்கரத்தில் இறுக்கமாக உட்காரும்.

ரப்பரை ஆல்கஹாலில் ஊற வைக்காதீர்கள். எண்ணெய்க் கறை போக ஒரு துடைப்பு பரவாயில்லை. வழக்கமான சுத்தத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து துடைத்தாலே போதும்.

கைக்கரி:
ஆல்கஹால் பட்டால் ரப்பர் செத்துவிடும் என்பது மிகைப்படுத்தல் ஐயா. ரோலருக்கு எப்போதும் அதைத்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பழைய_ஸ்பூல்:
செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் செய்தால் உலரும். உங்கள் ரோலர், உங்கள் விருப்பம்.

கேசட்பெட்டி, இன்னொன்று. பிசினை ஆல்கஹால் வைத்துத் துடைத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அப்போது ஃப்ளைவீலைக் கழற்றினீர்களா? கேப்ஸ்டன் சுழலும் வெண்கல புஷ் (தாங்கி வளையம்) எண்ணெய் ஊறிய உலோகத்தூள் வகை. ஆல்கஹால் அதற்குள் வழிந்தால் ஊறியிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொண்டு போய்விடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். வெண்ணெய் மாதிரி சுற்றி மெதுவாக அடங்க வேண்டும். சட்டென்று நின்றாலோ, கரகர என்றாலோ, கழற்றி, தண்டைத் துடைத்து, புஷ்ஷில் மெல்லிய மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். ஒரே சொட்டு. மேலே கசிந்து ரோலருக்கு வந்தால் இருக்கிற பிடிமானமும் போகும். துருநீக்கி ஸ்ப்ரேயை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

திருப்பி மாட்டும்போது ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும் தகட்டையும் கவனியுங்கள். ஃப்ளைவீல் முன்னும் பின்னும் கொஞ்சம், மிகக் கொஞ்சம் அசைய வேண்டும். அறவே அசையாவிட்டால் இழுவை. ரொம்ப அசைந்தால் கேப்ஸ்டன் மேலும் கீழும் ஆடி நாடாவின் பாதையைக் கலைக்கும்.

மௌனம்60:
நான் வைத்திருக்கும் சின்ன பிளேயரில் வேறு மாதிரி: ஓடும்போது டக் டக் என்று சீரான சத்தம், அதற்கேற்றபடி பாட்டும் குதிக்கிறது. பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய_ஸ்பூல்:
பற்சக்கரம் விரிந்திருக்கும். உலோகத் தண்டில் இறுக்கி அடித்த பிளாஸ்டிக் சக்கரங்கள் காலப்போக்கில் சுருங்கி ஓர் இடத்தில் வெடிக்கும். வெடித்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடும், சுற்றுக்கு ஒரு டக். பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள், முடி கனத்தில்தான் விரிசல் தெரியும். அப்படியே பசை விட்டு ஒட்டினால் நிற்காது, சக்கரத்தை விரிக்கும் இறுக்கம் அப்படியே இருக்கிறதே. துளையைத் துளி அகலப்படுத்தி, விரிசல் மூடிக்கொண்ட பிறகு ஒட்டினால் சில சமயம் நிற்கும். அதே பல் எண்ணிக்கையில் மாற்றுச் சக்கரம் கிடைத்தால் அதுதான் வேலை முடிந்த மாதிரி. மேற்கொண்டு கேட்க வேண்டியிருந்தால் தனி இழை தொடங்குங்கள், இங்கே குழம்பும்.

கேசட்பெட்டி:
புஷ் உலர்ந்துதான் இருந்தது, எண்ணெய் விட்டாயிற்று. சுண்டினால் இப்போது நன்றாகச் சுற்றுகிறது. புது பிஞ்ச் ரோலரும் தட்டை விளிம்பு ஐட்லர் வளையமும் மாட்டினேன். 0.9 வினாடி அலை போய்விட்டது. எடை சோதனையில் 34 கிராம், அதாவது 37 கிராம்-செ.மீ. விரலால் பிடித்தால் இப்போது அடித்தட்டு சுழல்கிறது, ஃபெல்ட்தான் வழுக்குகிறது.

வேகம் மட்டும் பாக்கி. சரியான வேகத்தில் தொனி பதிந்து வரும் அளவு கேசட் என்னிடம் கிடையாது. நானே பதிந்த தொனி 3000 என்றுதானே காட்டும்?

அலைநீளம்:
ஆமாம், பதிந்த கருவியும் ஒலிக்கும் கருவியும் ஒன்றாக இருந்தால் வேகப் பிழை மறைந்துகொள்ளும். அளவு கேசட் இல்லாமலும் முடியும், நாடாவையே அளவுகோலாக்கிவிடுங்கள். வேண்டாத கேசட்டில் ஐந்து நிமிடம் தொனி பதியுங்கள். நாடாவை மெதுவாக வெளியே எடுத்து, தரையில் அளவு நாடாவுக்குப் பக்கத்தில் சுருக்கம் இல்லாமல் கிடத்துங்கள். இழுத்து நீட்டாதீர்கள். சரியாக 476 செ.மீ. இடைவெளியில் இரண்டு இடங்களை ஒரு சின்னக் காந்தத்தின் விளிம்பால் தொடுங்கள். அந்த இடங்களில் தொனி கெட்டுவிடும். சுற்றி உள்ளே அனுப்பி ஓடவிட்டுக் கணினியில் பிடித்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றுக்கு நடுவே 100 வினாடி இருக்க வேண்டும். ஒரு வினாடி குறைந்தால் ஒரு சதவீதம் வேகம் கூடுதல் என்று அர்த்தம். காந்தத்தை நாடாவைப் படிக்கும் ஹெட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேசட்பெட்டி:
97 வினாடி. காது பொய் சொல்லவில்லை.

அலைநீளம்:
மூன்று சதவீதம், ஏறத்தாழ அரை ஸ்வரத்தில் பாதி. புதுப் பெல்ட்டின் கனம் என்ன? மோட்டார் புல்லி, ஃப்ளைவீல் விட்டங்களையும் சொல்லுங்கள்.

கேசட்பெட்டி:
பெல்ட் 1.0 மி.மீ. கனம், சதுரம். புல்லி 9.5, ஃப்ளைவீல் 50 மி.மீ. இருக்கும். புல்லி நடுவில் லேசாகப் பருத்திருக்கிறது.

அலைநீளம்:
நடுவில் பருத்த புல்லி என்றால் அது தட்டைப் பெல்ட்டுக்குச் செய்தது. தட்டைப் பெல்ட்டுகள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். பெல்ட்டின் நடுக்கனத்தில் வேகம் கணக்காகும், ஆகவே இரண்டு விட்டத்தோடும் பெல்ட்டின் கனத்தைக் கூட்ட வேண்டும். 0.6 மி.மீ. பெல்ட்டில் 10.1 வகுத்தல் 50.6. 1.0 மி.மீ. பெல்ட்டில் 10.5 வகுத்தல் 51. இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று சதவீதம். சின்னப் புல்லியில் கனம் கூடினால் விகிதம் அதிகமாக மாறும், அதனால்தான் வேகம் கூடுகிறது.

கைக்கரி:
அப்படியானால் இப்போதாவது திருகைத் திருப்பலாம்தானே?

பழைய_ஸ்பூல்:
மூன்று சதவீதத்தைத் திருகு இழுத்துக்கொள்ளும். ஆனால் சதுரப் பெல்ட் பருத்த புல்லியில் நிலையாக உட்காராது, ஓரத்துக்கு ஓரம் நகரும். தட்டைப் பெல்ட் போடுங்கள். பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி நீளம் எடுத்து, அதில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்து வாங்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் மோட்டார் புஷ் தேயும். மிச்சம் இருக்கும் ஒன்றரை வினாடியோ ஒரு வினாடியோ, அதைத் திருகில் சரிசெய்யுங்கள். பிளாஸ்டிக் முனை ஸ்க்ரூ டிரைவர் எடுங்கள், மோட்டார் உறையில் உலோகம் தொட்டால் சில மோட்டார்களில் வேகம் எகிறும்.

கேசட்பெட்டி:
0.6 தட்டைப் பெல்ட் போட்டதும் 99.4 வினாடி. திருகை இம்மியளவு நகர்த்தி 100க்குக் கொண்டுவந்தேன். 90 நிமிட கேசட் ஒன்று இரண்டு பக்கமும் முழுசாக ஓடியது, தொய்வே இல்லை. ரீவைண்டும் சேர்ந்தே சரியாகிவிட்டது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எண் காட்டும் கவுண்டரின் சின்னப் பெல்ட்டும் நீண்டு தொங்குகிறது. அதற்கும் இறுக்கமாக ஒன்று வாங்கலாமா?

பழைய_ஸ்பூல்:
வாங்கலாம், ஆனால் இறுக்கம் வேண்டாம். கவுண்டர் டேக்-அப் ஸ்பூலில் இருந்துதான் விசை எடுக்கிறது. உலர்ந்த கவுண்டரை இறுக்கமான பெல்ட்டில் கட்டினால் நீங்கள் இப்போது மீட்ட விசையில் ஒரு பங்கை அது தின்றுவிடும். நழுவாமல் சுற்றும் அளவுக்குத் தளர்வாக இருந்தால் போதும். பெல்ட் போடுவதற்கு முன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை அதே நட்டு வாஷர் பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

கேசட்பெட்டி:
பெல்ட் இல்லாமல் 37 கிராம்-செ.மீ., புதுசு மாட்டியதும் 31. கவுண்டரின் அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்ட பிறகு 35. இப்படியே விட்டுவிடுகிறேன்.

கைக்கரி:
வேகத் திருகு எந்தப் பக்கம் திருப்பினால் குறைந்தது? என்னுடையதும் வேகமாக ஓடுகிறது மாதிரி இருக்கிறது...

பழைய_ஸ்பூல்:
முதலில் அளந்துவிட்டு வாருங்கள்.